‘அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லாமல் விட்டது

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடம் தயங்கினேன். முதல் மூன்று வருடம் வேலையில் இருந்தேன், அதனால் எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த மூன்று வருடம் ரிடையர் ஆகி வீட்டில் இருந்தேன், அப்போதும் எழுதவில்லை. ஆகவே வேலை காரணம் இல்லை, வெட்கம்தான் காரணம் என்று தெரிந்தது. இந்த வருடம் சஷ்டி விரதத்தின்போது ஆறு நாளும் சாமி முன்னால் உட்கார்ந்தால் இந்த விஷயமே ஞாபகத்துக்கு வந்தது. ஏழாம் நாள் நோட்டுப் புத்தகத்தை எடுத்துவிட்டேன்.

நான் அதிகம் படித்தவன் இல்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். இங்கே அமெரிக்காவில் ஆபீஸ்களில் புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் பேசியது பெரும்பாலும் இங்கிலீஷ். எனக்குக் காதில் விழுந்தபடி நம் பேச்சில் எழுதியிருக்கிறேன்.

1. மேசை

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவன் நான். படிப்பு பத்தாவது. என் மனைவி செல்வி நர்ஸ். அவளுக்கு நியூஜெர்சியில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது, கிரீன் கார்டோடு வந்தோம். அவள் வந்த மறுவாரமே டியூட்டிக்குப் போனாள். நான் இரண்டு வருடம் இந்தியன் குரோசரியில் அரிசி மூட்டை அடுக்கினேன். பிறகு முதுகு வேண்டாம் என்றது.

கோயிலில் தெரிந்த ஒருவர் சொல்லி, ஒரு யுனிவர்சிட்டியின் சைக்காலஜி டிபார்ட்மெண்டில் வேலை கிடைத்தது. லேப் வேலை என்றார்கள். லேப் என்றால் ஆசிட் தெறிக்கும் என்று நினைத்துப் பழைய சட்டை போட்டுக்கொண்டு போனேன். அங்கே இருந்தது ஒரு மேசை, எட்டு நாற்காலி, இரண்டு சின்ன அறை, அறைக்கு ஒரு கம்ப்யூட்டர், ஒரு டப்பா டிஷ்யூ. நெற்றியில் திருநீறு இருக்கலாமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார்கள். ஆசிடும் இல்லை, ஆட்சேபணையும் இல்லை.

லேபின் தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மா. எல்லாரும் புரொஃபசர் என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாளே அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னார்.

“மணி, இங்க வர்றவங்க பேஷண்ட் இல்ல. கஸ்டமரும் இல்ல. பார்ட்டிசிபண்ட். நமக்காக நேரம் ஒதுக்கி வர்றாங்க. வீட்டுக்கு வர்ற விருந்தாளி மாதிரி நடத்துங்க.”

“அது எனக்குப் பழக்கம் மேடம்.”

“இன்னும் முடிக்கல. எல்லா விருந்தாளியையும் ஒரே மாதிரி நடத்தணும். ஒருத்தருக்குச் சிரிச்சு இன்னொருத்தருக்குச் சிரிக்காம இருந்தா, நாங்க காட்டற வீடியோனால மாறினாங்களா உங்க சிரிப்பால மாறினாங்களான்னு எனக்குத் தெரியாது. என் ரிசல்ட் குப்பைக்குப் போயிடும்.”

“சரி மேடம்” என்றேன். முதல் பாதி எனக்கு நன்றாகப் பதிந்தது.

2. நியாவின் ஆராய்ச்சி

நான் சேர்ந்து ஐந்தாவது வருடம் நியா வந்தாள். காலேஜில் கடைசி வருடம் படிக்கிற கறுப்பினப் பெண். வயது இருபத்தொன்று. அண்டர்கிராஜுவேட் என்றாலும் தனியாக ஒரு ஆராய்ச்சி செய்து தீஸிஸ் எழுத அனுமதி வாங்கியிருந்தாள். பக்கத்து ஊர்க்காரி. அப்பா டவுன் பஸ் ஓட்டுகிறவர்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

“மிஸ்டர் மணி, எங்க ஆளுங்கள்ல ஒருத்தரை ரோட்டுல போலீஸ் சுட்டாங்கன்னா அந்த வீடியோ டிவில வரும். போன்ல வரும். ஜிம்ல வரும். பல் டாக்டர்கிட்ட காத்திருக்கிற இடத்துல வரும். எங்கப்பா பஸ்ஸ நிறுத்திட்டு டீ குடிக்கிற கடைலயும் வரும். செத்தவர் எங்க அண்ணன் மாதிரியே இருப்பார். இதையே வருஷக்கணக்கா பாத்தா மனசுக்கு என்ன ஆகும்? தூக்கம் என்ன ஆகும்? எல்லாரும் ஒரு கருத்து சொல்றாங்க. உக்காந்து கேட்டவங்க கம்மி. நான் கேக்கப் போறேன்.”

“டிவிய ஆஃப் பண்ணிட்டா?”

“எங்கப்பாவும் அதான் சொல்றார். ஆன்லதான் வெச்சிருக்கார்.”

எங்கள் வீட்டிலும் தமிழ் நியூஸ் சேனல் காலையிலிருந்து ஓடும். ஒரே விபத்தைச் சிவப்பு வட்டம் போட்டு இருபது தடவை காட்டுவான். நான் பார்த்துக்கொண்டே இட்லி சாப்பிடுவேன். அதை நியாவிடம் சொல்லவில்லை.

வேலை முறை இதுதான். சுற்றுவட்டாரத்தில் இருக்கும் கறுப்பின மக்களில் விருப்பப்பட்டவர்கள் செவ்வாய் அல்லது வியாழக்கிழமை வருவார்கள். முதலில் ஒரு கேள்வித்தாள். பிறகு பத்து நிமிஷம் வீடியோ. யார் எந்த வீடியோ பார்ப்பது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். பாதிப் பேருக்கு நியூஸில் வந்த அந்த மாதிரிக் காட்சிகள். என்ன வரப்போகிறது என்று முன்பே சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவோம், நடுவில் எழுந்து போகவும் உரிமை உண்டு. மீதிப் பாதிக்கு ரொட்டி சுடுவது, பூங்காவில் நாய் ஓடுவது, தெருவுக்குத் தார் போடுவது. அதன் பிறகு இன்னொரு கேள்வித்தாள். ஒரு வாரம் கழித்து அவர்களே திரும்ப வந்து, எப்படித் தூங்கினார்கள், என்ன யோசனை வந்தது என்று பதில் எழுத வேண்டும். அந்த இரண்டாவது வருகைதான் நியாவின் தீஸிஸுக்கு உயிர்.

பெரிய லேப்களில் யார் எந்த வீடியோ பார்த்தார்கள் என்பது மேசையில் இருப்பவருக்குத் தெரியாமல் வைப்பார்கள். எங்களிடம் அவ்வளவு ஆள் கிடையாது. வீடியோவை ஓட விடுவதும் நான்தான், ஓடுகிறதா என்று என் மேசையில் இருக்கும் சின்ன ஸ்கிரீனில் பார்ப்பதும் நான்தான். சத்தம் வராது. படம் மட்டும்.

வந்தவர்கள் போகும்போது நான் என்ன செய்ய வேண்டும் என்பதை நியா ஒரு அட்டையில் டைப் செய்து மேசைக்கு உட்புறம் ஒட்டியிருந்தாள். எழுந்து நில். முகத்தைப் பார். “நன்றி, அடுத்த வாரம் இதே நாள் இதே நேரம் வாங்க, உங்களுக்காகக் காத்திருப்போம்” என்று சொல். தேதி போட்ட சீட்டைக் கொடு. மனசு சரியில்லை என்றால் கூப்பிட வேண்டிய நம்பர் உள்ள தாளையும் கொடு. மொத்தமே அவ்வளவுதான்.

3. நான் செய்தது

முதல் செவ்வாய்க்கிழமை ரொட்டி வீடியோ பார்த்த ஒரு ஐயா வெளியே வந்தார். எழுந்து நின்றேன், முகத்தைப் பார்த்தேன், சொன்னேன். “ரொட்டி நல்லா இருந்துச்சு, சாப்பிடத்தான் குடுக்கல” என்றார். இருவரும் சிரித்தோம்.

அடுத்து ஒரு அம்மா. வயதானவர்களை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளும் ஹோம் ஹெல்த் எய்ட். பெயர் சொல்ல மாட்டேன். சொல்ல மாட்டோம் என்று எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். வரும்போது என் திருநீற்றைப் பார்த்து, “இது உங்க சர்ச்சா?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன். அவருக்குச் சீட்டில் விழுந்தது மற்ற வீடியோ. என் சின்ன ஸ்கிரீனில் ஒரு மனிதர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பிறகு விழுந்தார். பிறகு அவர் பக்கத்தில் யாரும் போகவில்லை. நான் “முருகா” என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மா வெளியே வந்தபோது நான் எழுந்தேன். வாய் வரவில்லை.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துக்க வீட்டில் யாரும் யாரையும் “வாங்க” என்று கூப்பிடுவதில்லை. புறப்படுகிறவரும் “போயிட்டு வர்றேன்” என்று சொல்வதில்லை. சொன்னால் அந்தத் துக்கம் மறுபடி வரட்டும் என்று சொன்ன மாதிரி. தலையைக் குனிந்துகொண்டு, முகத்தைப் பார்க்காமல், பேசாமல் பிரிவோம். அதுதான் மரியாதை. ஒரு மனிதர் சாவதை இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிற அம்மாவிடம், “அடுத்த வாரம் இதே நேரம் வாங்க, காத்திருப்போம்” என்று எப்படிச் சொல்வது? நான் யோசித்து முடிவு செய்யவில்லை. உடம்பு தானாகச் செய்தது. தலையைக் குனிந்தேன், சீட்டையும் தாளையும் இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாங்கிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து ரொட்டி பார்த்தவர்களுக்கெல்லாம் அட்டையில் இருந்ததைச் சொன்னேன். மற்ற வீடியோ பார்த்தவர்களுக்கெல்லாம் தலையைக் குனிந்தேன். பல வாரம். ஒரு நாள்கூட தப்புச் செய்கிறேன் என்று தோன்றவில்லை. நல்லது செய்கிறேன் என்றுகூட நினைத்தேன்.

4. சார்ட்

மார்ச் மாதம் நியா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

“மிஸ்டர் மணி, இதப் பாருங்க. ரொட்டி குரூப்ல கிட்டத்தட்ட எல்லாரும் ரெண்டாவது வாரம் வந்திருக்காங்க. வயலன்ஸ் குரூப்ல பாதிக்கு மேல வரவே இல்ல.”

ஸ்கிரீனில் இரண்டு கம்பம். ஒன்று உயரம், ஒன்று குட்டை.

“அய்யோ, உன் தீஸிஸ் போச்சா?”

“போகல. இதுதான் தீஸிஸ். பத்து நிமிஷ வீடியோ பாத்ததுக்கே எங்க ஆளுங்க வெளி உலகத்துக்கு வர்றத நிறுத்திடறாங்க. வீட்டுக்குள்ள ஒடுங்கிடறாங்க. புரொஃபசர் பாத்துட்டு, ஒரு ஸ்டூடெண்ட் கிட்ட இவ்வளவு சுத்தமான ரிசல்ட் பாத்ததில்லன்னு சொன்னாங்க.”

ஏப்ரலில் ஒரு நாள் மாணவர்கள் எல்லாரும் ஹாலில் போஸ்டர் ஒட்டித் தங்கள் ஆராய்ச்சியைச் சொல்லுவார்கள். நியா தன் சர்ச்சிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்களைக் கூப்பிட்டிருந்தாள். அப்பா லீவு போட்டிருந்தார். மேல்படிப்புக்கு விண்ணப்பித்த இடங்களிலிருந்தும் இதைக் கேட்பார்கள் என்றாள்.

“ஒரே ஒரு குழப்பம்” என்று திரையில் ஒரு வரியைத் தொட்டாள். “இந்த வியாழக்கிழமை மட்டும் வயலன்ஸ் குரூப்ல எல்லாருமே திரும்ப வந்திருக்காங்க. ஒருத்தர் பாக்கியில்லாம. புரொஃபசர், அது தற்செயலா இருக்கும், விடுன்னு சொன்னாங்க.”

தேதியைப் பார்த்தேன். தைப்பூசம். அன்று நான் லீவு. எனக்குப் பதிலாக மேசையில் உட்கார்ந்தது நியா. அவள் அட்டையில் இருந்ததை அப்படியே சொல்லியிருப்பாள்.

எனக்குப் படிப்பு பத்தாவதுதான். ஆனால் மண்டியில் எடை குறைந்தால் தராசையும் பார்ப்போம், தராசைப் பிடித்தவனையும் பார்ப்போம்.

“என்ன, முகம் மாறுது?” என்றாள் நியா.

“ஒண்ணுமில்ல. விரதம்” என்றேன். அன்று விரதம் இல்லை. மதியம் இரண்டு சமோசா சாப்பிட்டிருந்தேன்.

5. பன்னிரண்டு நாள்

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் பிரச்சினை. ஆடிட் இல்லை, கேமரா இல்லை. நியாவுக்கு நல்ல பெயர் வரும், புரொஃபசருக்குச் சந்தோஷம், எனக்கு வேலை இருக்கும். ஆனால் தன் ஜனங்களைப் பற்றி இல்லாத ஒன்றை, அந்த ஜனங்கள் முன்னாலேயே அந்தப் பெண் எழுந்து நின்று சொல்வாள். அதைக் கேட்டுவிட்டு அவர்களும், நாம் இப்படித்தான் ஒடுங்கிப்போய்விட்டோம் போல என்று நம்பிக்கொண்டு வேனில் ஏறிப் போவார்கள்.

செல்வியிடம் சொன்னேன். யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டாள்.

“சொன்னா வேலை போயிடுமா?”

“போகலாம்.”

“ஆஸ்பத்திரில மருந்து மாத்திக் குடுத்துட்டா அன்னிக்கே எழுதிக் குடுக்கணும். மறுநாள் சொன்னா அது ரெண்டாவது தப்பு. நீங்க எத்தன நாள் ஆச்சு?”

“எட்டு.”

“அப்ப ஒன்பது தப்பு” என்றாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

பத்தாவது படிக்கும் என் மகள் காவ்யா ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, “அப்பா, ஜஸ்ட் டெல் ஹர்” என்றாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கோயிலுக்குப் போய் முருகனிடம் ஒரு வழி காட்டு என்று கேட்டேன். வேறு ஏதாவது வழி என்ற அர்த்தத்தில்தான் கேட்டேன். அவன் காட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் நியாவிடம் போனேன்.

அவள் போஸ்டருக்குத் தலைப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

“நியா, போகும்போது சொல்லச் சொன்ன வார்த்தைய நான் சொல்லல.”

“எப்ப?”

“அந்த வீடியோ பாத்தவங்களுக்கு.”

“எத்தனை பேருக்கு?”

“எல்லாருக்கும். தைப்பூசம் தவிர.”

தைப்பூசம் என்றால் என்ன என்று அவள் கேட்கவில்லை. அந்த வியாழக்கிழமை என்று அவளே புரிந்துகொண்டாள். லேப்டாப்பை மூடினாள்.

“ஏன்?”

சொன்னேன். துக்க வீட்டு முறையை என் இங்கிலீஷில் சொல்லி முடிக்க வெகு நேரம் ஆனது. நடுவில் எழுந்து நின்று தலையைக் குனிந்தும் காட்டினேன்.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. “எங்க சர்ச்சில சாவு முடிஞ்சா எல்லாருக்கும் சாப்பாடு போடுவோம்” என்றாள். “சாப்பிடாம போகாதீங்கன்னு கையப் பிடிச்சு இழுப்போம். போகும்போது ஒவ்வொருத்தரையும் கட்டிப் பிடிச்சு, ஞாயித்துக்கிழமை வந்துடணும்னு சொல்லுவோம். சாவுக்கப்புறம் ஒருத்தர் எங்க முகத்தப் பாக்காம ஒரு பேப்பர நீட்டினா அதுக்கு எங்க ஊர்ல என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அவங்க எப்படி எடுத்துக்கிட்டாங்கன்னு எனக்கும் தெரியல. கேட்டாத்தான் தெரியும்” என்று எழுந்து புரொஃபசர் அறைக்கு நடந்தாள். பின்னாலேயே போனேன்.

புரொஃபசர் முழுவதும் கேட்டார். ஒரு ஃபாரம் எடுத்துக் கொடுத்தார். ஆராய்ச்சி முறையிலிருந்து விலகி ஏதாவது செய்திருந்தால் எழுதித் தர வேண்டிய ஃபாரம். ‘விலகியதற்குக் காரணம்’ என்ற இடத்தில் ஒரு விரல் நீளம் இடம் விட்டிருந்தார்கள். அதில் நம் துக்க வீட்டு முறை அடங்காது. ‘இப்படிப்பட்ட ஒன்றுக்கு மறுபடி வாருங்கள் என்று கூப்பிட எனக்கு மனம் வரவில்லை’ என்று எழுதினேன். புரொஃபசர் அதை இரண்டு தடவை படித்தார்.

“மணி, உங்க மனசு இந்த ஃபாரத்துல தெரியுது. எங்கிட்ட முதல் நாளே சொல்லியிருந்தா நாம அந்த வாசகத்தையே மாத்தியிருக்கலாம். அது நல்ல வாசகமில்லன்னு இப்ப எனக்கே தோணுது.”

அதை நான் யோசித்ததே இல்லை. அட்டையை மாற்றலாம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. அட்டை வந்தது, நான் மீறினேன், யாரிடமும் சொல்லவில்லை. வேலை போகவில்லை. ஆன்லைனில் நான்கு மணி நேரம் பயிற்சி எடுக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு சர்டிஃபிகேட் வந்தது. செல்வி அதை ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

6. போன்

திரும்பி வராத ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று ஒரே ஒரு கேள்வி கேட்க நியா அனுமதி வாங்கினாள். “ஸ்பீக்கர்ல போடறேன், எங்க டீம்ல ஒருத்தர் கூட இருக்கார், பரவாயில்லையா?” என்று முதலிலேயே கேட்டுக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டும். உட்கார விருப்பமில்லை என்றேன். “உக்காருங்க” என்றாள்.

ஒருவருக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. ஒருவர் மறந்துவிட்டார். ஒரு பெண், மூன்று நாள் தூக்கமில்லை, இனி அந்தக் கட்டிடத்துப் பக்கமே வர மாட்டேன் என்றாள். நியா அவளிடம் மன்னிப்புக் கேட்டு, உதவி நம்பரை மறுபடி கொடுத்தாள். ஒருவர், “அங்க மேசைல இருந்த ஆளு நான் போனா போதும்னு நின்னாரு, போயிட்டேன்” என்றார். கிட்டத்தட்ட இதே மாதிரி இன்னும் சிலர். எழுத எழுத என் கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போனது.

பிறகு அந்த ஹோம் ஹெல்த் எய்ட் அம்மா.

“வீடியோவா?” என்றார் அவர். “வீடியோ எனக்குப் புதுசில்லம்மா. பஸ் ஸ்டாப்ல என் போன்லயே வருது. வீடியோனால இல்ல. வர்றப்ப அந்த இந்தியன் ஆளு என் முகத்தப் பாத்துச் சிரிச்சாரு, சர்ச்சப் பத்திப் பேசினோம். போறப்ப ஏறெடுத்துப் பாக்கல. ஒரு வார்த்த பேசல. பேப்பர நீட்டினாரு, என் கை பட்டுடக் கூடாதுங்கற மாதிரி. நான் பிளாக்னுதான் பாக்கலன்னு நெனச்சேன். இன்னும் ஒரு இடம், அவ்வளவுதான். அதுக்கு எதுக்கு ரெண்டு பஸ் மாறி மறுபடி வரணும்?”

நியா என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன்.

“அம்மா, அவர் ஏன் அப்படி நடந்துக்கிட்டார்னு அவர் சொல்லியிருக்கார். கேக்கறீங்களா? கேக்கலன்னாலும் சரி” என்றாள் நியா.

“சொல்லு.”

நான் பன்னிரண்டு நாள் திணறியதை நியா நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் யார் வீட்டிலோ கெட்டில் விசில் அடித்தது.

“அப்ப அவர் யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சாரா?”

“ஆமா.”

“செத்துத்தானேம்மா போனாரு அந்தப் பையன்” என்றார். “இத்தன வருஷமா இதப் பாக்கறேன், யாரும் தலையக் குனிஞ்சதில்ல.” பிறகு, “ஆனா அது எனக்கு எப்படித் தெரியும்? என்னப் பாக்காதவங்க நெறயப் பேரு. அவங்கள்ல யாரு துக்கத்துக்குப் பாக்கல, யாரு வெறுப்புல பாக்கலன்னு நான் போய் ஒவ்வொருத்தரயா கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா? எனக்கு வேலை இருக்கு.”

“நீங்க திரும்ப வர வேண்டிய அவசியம் இல்ல” என்றாள் நியா.

“பாக்கறேன்” என்றார் அவர். வைத்துவிட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தார். நான் எழுந்து நின்று, “என்ன மன்னிக்கணும்” என்றேன். தயார் செய்து வைத்திருந்த மற்றதெல்லாம் வரவில்லை. “பேனா குடுங்க, ஃபாரம் எழுதணும்” என்றார். கொடுத்தேன். எழுதி முடித்துப் பேனாவை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

7. போஸ்டர்

போனுக்குப் பிறகு சிலர் வந்தார்கள், சிலர் வரவில்லை. இரண்டு கம்பத்துக்கும் நடுவே இருந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. அந்தக் காட்சிகள் தூக்கத்தைக் கெடுக்கின்றன, கவலையைக் கூட்டுகின்றன என்பது மிச்சம் இருந்தது. ஆனால் உலகத்தை விட்டே ஒடுங்கிவிடுகிறார்கள் என்ற பெரிய விஷயம் போய்விட்டது. நியா போஸ்டரை மறுபடி முதலிலிருந்து செய்தாள்.

அன்று ஹாலில் அவள் அப்பாவும் சர்ச் ஆட்களும் முன்னால் நின்றார்கள். நான் பின்னால் காபி மேசை ஓரமாக நின்றேன். நியா எதையும் மறைக்கவில்லை. “என் முதல் ரிசல்ட் தப்பு. வீடியோ பாத்தவங்க வராம போனதுக்குப் பாதிக் காரணம் வீடியோ இல்ல, எங்க மேசை. திரையில நடந்தத மட்டும் அளந்தா போதும்னு நெனச்சேன். திரைய விட்டு எழுந்து வந்ததும் முதல்ல எதிர்ப்படற மனுஷன் அவங்கள எப்படிப் பாக்கறான்ங்கறதும் அதுல சேர்ந்துதான் இருக்குன்னு எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. அத அடுத்து அளக்கணும்” என்றாள். என் பெயரைச் சொல்லவில்லை. ‘மேசையில் இருந்த பணியாளர்’ என்றுதான் சொன்னாள்.

முதல் பரிசு எலிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் போனது. நியாவின் அப்பா காபி மேசைக்கு வந்து, இரண்டு கப் எடுத்து, ஒன்றை என்னிடம் நீட்டினார். “அந்தப் பணியாளர் நீங்கதானா?” என்றார். “ஆமாங்க” என்றேன். “சர்க்கரை போடல” என்றார். நின்று குடித்தோம். நியா மேல்படிப்புக்கு டெக்சாஸ் போனாள். அந்த மேசையைத்தான் ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன்.

8. பிள்ளைகளுக்கு

வேலையில் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது பெரிதாக ஒன்றுமில்லை. கொடுத்த வாசகம் வாயில் வரவில்லை என்றால், கொடுத்தவரிடம் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். நாமே அதை நல்ல எண்ணத்தில் மாற்றிக்கொள்ளக் கூடாது. நம் நல்ல எண்ணம் நமக்குத்தான் தெரியும், எதிரே நிற்பவருக்கு நம் முகம்தான் தெரியும்.

இன்னொன்றையும் எழுதினால்தான் சாமி முன்னால் உட்கார முடியும். துக்க முறை மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இங்கு வந்த புதிதில், அந்தப் பக்கத்துத் தெருவில் தனியாக நடக்காதே என்று நம் ஆட்கள் எனக்குச் சொன்னார்கள். அதையே நான் காவ்யாவுக்குச் சொன்னேன். யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவள் கேட்டபோது, கறுப்பினத்தவரை என்று சொல்லாமல் பேச்சை மாற்றினேன். அப்படிப்பட்டவன்தான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் நின்றவர்கள் வேறு ஜனங்களாக இருந்திருந்தால், குனிந்த தலையை ஒரு கணமாவது நிமிர்த்தி, ஒரு சமாதான வார்த்தை சொல்லியிருப்பேனோ என்னவோ. தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று எழுத மாட்டேன்.

இந்த விஷயம் எப்படியோ நம் கோயில் வட்டாரத்தில் பரவிவிட்டது. அன்னதான வரிசையில் என் காதுபடவே ஒருவர் சொன்னார், ‘நம்ம பண்பாடு அவங்களுக்குப் புரியல, விளக்கிச் சொன்னதும் புல்லரிச்சுப் போயிட்டாங்க’ என்று. இன்னொருவர் சொன்னதில் அந்த அம்மா என்னைக் கும்பிட்டாராம். கேட்டவர்களுக்குச் சந்தோஷம். கேட்டுக்கொண்டு நானும் சாம்பார் சாதம் வாங்கிக்கொண்டு வந்தேன். அதுவும் என் தப்புதான்.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். இதைப் படித்தவர்கள் யாருக்காவது சொன்னால், இருக்கிறபடியே சொல்லுங்கள். கும்பிட்டதாகச் சேர்க்க வேண்டாம், என்னை நல்லவன் ஆக்க வேண்டாம். இதைத் திருப்பிச் சொல்கிற எல்லாரும் ஒரு வாக்கியத்தை மட்டும் தவறாமல் விட்டுவிடுகிறார்கள், நானே பல தடவை விட்டிருக்கிறேன். “நான் பிளாக்னுதான் பாக்கலன்னு நெனச்சேன்” என்று அந்த அம்மா சொன்னார். அதை விட்டுவிட்டால் மிச்சத்தைச் சொல்ல வேண்டாம்.